பனிக்காலப் பூக்கள் (காவிரி வடிநிலம்)

காவிரி வடிநிலத்தின் பனிக்காலப் பூக்கள் என்பவை, தமிழ்நாட்டின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களில் பூக்கும் செடி, கொடி, மரங்களின் பூக்கள் ஆகும். உறைபனி விழாத பகுதி என்பதால் இங்கு எந்த மாதத்திலும் பூக்கள் அற்றுப்போவதில்லை. ஆயினும் மார்கழியில் மல்லிகை குறைந்து, பறங்கிப் பூ, டிசம்பர் பூ, சாமந்தி, அவரைப் பூ முதலியன அதன் இடத்தைப் பிடிக்கின்றன. வாசற்கோலம், பொங்கல், கனுப்பிடி, மாட்டுப்பொங்கல் ஆகிய வழக்கங்கள் இப்பருவத்துச் செடிகொடிகளோடு நெருங்கிய தொடர்புடையவை. இவற்றுள் பெரும்பாலானவை வயலில் விளைபவை அல்ல. வீட்டுக் கொல்லை, வேலியோரம், ஆற்றுப்படுகை, குளக்கரை போன்று நெல்லுக்கு உதவாத துண்டு நிலங்களில் வளர்பவை.

பருவம்

பண்டைத் தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம்; மார்கழியும் தையும் முன்பனிக்காலம்; மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். இப்பகுப்பு இன்றும் வடிநிலத்தின் வானிலைக்குப் பெரிதும் பொருந்துகின்றது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கின்றது. மழை ஓய்ந்த பின் மார்கழியில் இரவில் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசு வரை குறைந்து, விடியற்காலையில் புல்லின் மேலும் நெற்கதிரின் மேலும் பனித்துளிகள் படிகின்றன. குளிர் நாட்டவர் இதனைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் செடிகளுக்கு இவ்வளவு மாற்றமே போதுமானதாக உள்ளது.

மண்ணில் ஈரம் மிகுந்தும் வானம் தெளிந்தும் இருக்கும் காலம் ஆண்டில் இது ஒன்றே. கோடையில் வெயில் உண்டு, நீர் இல்லை. ஐப்பசியில் நீர் உண்டு, வெயில் இல்லை. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக சூன் 12-ஆம் நாள் திறக்கப்படும் நீர் சனவரி 28-ஆம் நாள் நிறுத்தப்படுவதால், பனிக்காலத்தின் பெரும்பகுதியில் வாய்க்கால்களிலும் நீரோட்டம் இருக்கின்றது. நீர் வரத்துக் குறைந்த ஆண்டுகளில் இந்நாட்கள் மாறுவது உண்டு.

இரவின் நீளமும் பூக்கும் காலமும்

பனிக்காலத்தில் பூப்பனவெல்லாம் குளிரினால் பூக்கின்றன என்று கருதுவது பொதுவான தவறு. பல செடிகளைப் பூக்கத் தூண்டுவது நீண்ட இரவு ஆகும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் அமைந்துள்ளது. இங்கு சூன் மாதத்தின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடமும், டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 30 நிமிடமும் கொண்டவை. வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே. மனிதர் கவனிக்கத் தவறும் இந்த வேறுபாட்டைக் குறும்பகல் தாவரங்கள் எனப்படுபவை தவறாது உணர்கின்றன.

சாமந்தி இதற்குப் பாடநூல்களில் சொல்லப்படும் எடுத்துக்காட்டு ஆகும். ஆனி, ஆடி மாதங்களில் நட்ட சாமந்தி, இரவு நீளத் தொடங்கிய பின்னரே அரும்பு விடுகின்றது. இரவில் விளக்கொளி பட்டால் அரும்பு விடுவது தாமதமாகும். தெருவிளக்கின் அடியில் வைத்த சாமந்தித் தொட்டி அண்டை வீட்டுத் தொட்டியை விடப் பிந்திப் பூப்பது இதனாலேயே. நாட்டு அவரையும் மொச்சையும் இவ்வகையினவே. எப்போது விதைத்தாலும், பகல் குறுகிய பின்னரே அவை பூக்கின்றன. நீண்ட வயதுடைய பழைய சம்பா நெல் வகைகளும் அவ்வாறே. நாற்று முன்பின்னாக விடப்பட்டாலும் ஊர் முழுவதும் கதிர் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்ததற்கு இப்பண்பே காரணம்.

இதற்கு மாறாக, மல்லிகைக்குக் குளிரே தடையாகின்றது. மாமரத்துக்கோ மழை ஓய்ந்த பின் வரும் குளிர்ந்த இரவுகள் பூக்கத் துணை செய்கின்றன. ஒரே பனி மல்லிகையின் அரும்பைத் தடுத்து மாவின் பூங்கொத்தை வரவழைக்கின்றது.

பறங்கிப் பூ

மார்கழி வாசற்கோலத்தின் நடுவில் சாண உருண்டையில் செருகி வைக்கப்படும் மஞ்சள் நிறப் பெரும்பூ பறங்கிப் பூ ஆகும். பூசணிப் பூ என்றும் இது பரவலாக அழைக்கப்படுகின்றது. தஞ்சை வட்டாரத்தில் பல வீடுகளில் பூசணி என்றால் சாம்பல் பூத்த வெண்பூசணியையும், பறங்கி என்றால் மஞ்சள் சதையுடைய காயையும் குறிப்பர். கோலத்துக்கு உரியது பின்னதன் பூவே.

ஆடிப் பட்டத்தில் கொல்லையில் ஊன்றிய விதை, மழைக்காலத்தில் கொடியாகி வேலி மீதும் கூரை மீதும் படர்ந்து, கார்த்திகை முதல் பூக்கின்றது. ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே உண்டாகின்றன. பெண் பூவின் அடியில் சிறு காய் போன்ற சூலகம் தெரியும். ஆண் பூ நீண்ட காம்பின் நுனியில் தனித்து நிற்கும். ஆண் பூக்களே எண்ணிக்கையில் மிகுதி. மகரந்தச் சேர்க்கைக்குச் சில பூக்களை விட்டுவைத்து எஞ்சிய ஆண் பூக்களைப் பறிப்பதனால் காய்ப்புக் குறைவதில்லை. கோலத்துக்குப் பூப்பறிக்கச் செல்லும் சிறுமியரிடம் "காம்பு நீண்ட பூவாகப் பறி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். பூ விடியலில் விரிந்து உச்சிவேளைக்கு முன் சுருங்கிவிடும். ஆகவே கோலத்தின் முழு அழகையும் காண விரும்புவோர் காலை எட்டு மணிக்கு முன் தெருவில் நடக்க வேண்டும்.

சாண உருண்டை வெறும் அலங்காரம் அன்று. ஈரச்சாணம் பூவின் காம்பை நிமிர்த்திப் பிடிப்பதுடன் அதற்கு நீரும் தருகின்றது. கோலம் கலைந்த பின் உருண்டைகளைத் தட்டிக் காயவைத்து வறட்டியாகச் சேர்த்து வைப்பதும், அவற்றைப் பொங்கல் அடுப்புக்குப் பயன்படுத்துவதும் பல ஊர்களில் வழக்கம்.

இவ்வழக்கத்துக்கு இரண்டு விளக்கங்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகின்றன. பூ வைத்த வீட்டில் மணப்பருவப் பெண் இருக்கின்றாள் என்பதற்கு அது அடையாளம் என்பது ஒன்று. சிறுமியர் மட்டும் உள்ள வீடுகளிலும் முதியோர் மட்டும் உள்ள வீடுகளிலும் பூ வைக்கப்படுவதால் இதனைப் பொது விதியாகக் கொள்ள இயலாது. மார்கழி விடியலில் ஓசோன் வளி மிகுந்திருப்பதால் வாசலில் நின்று கோலமிடுவது உடலுக்கு நல்லது என்பது மற்றொன்று. இது அறிவியலுக்கு முற்றிலும் முரணானது. தரையை ஒட்டிய ஓசோன் சூரிய ஒளியின் துணையால் உருவாவது. விடியலுக்கு முன் அதன் அளவு குறைவாகவே இருக்கும். மேலும் அதனைச் சுவாசிப்பது நுரையீரலுக்குத் தீங்கானது. விடியற்காலை நடை இனிமையானது என்பதற்கு ஓசோனின் சான்று தேவையில்லை.

கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி, பறங்கி அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது என்பதாகும். கொலம்பசு 1492-இல் அமெரிக்காவை அடைந்ததற்குப் பின்னரே அது ஆசியாவுக்கு வந்திருக்க முடியும். பறங்கி என்னும் சொல் தமிழில் போர்த்துக்கீசர் முதலான ஐரோப்பியரைக் குறிக்க வழங்கியதும் இதனோடு பொருந்துகின்றது. ஆகவே மார்கழிக் கோலத்தில் இப்பூ இடம்பெற்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வழியில்லை. கோலம் அதனினும் பழமையானதாக இருக்கலாம், பூ புதியது. துலுக்கச் சாமந்தி எனப்படும் பூவும் மெக்சிக்கோவிலிருந்து வந்ததே. சாமந்தியின் தாயகம் கிழக்காசியா. தொன்மையான மரபு என்று எண்ணப்படும் மார்கழி வாசலில் கடல் கடந்து வந்தவை இத்தனை உள்ளன.

டிசம்பர் பூ

டிசம்பர் பூ (பார்லேரியா கிரிசுடேட்டா) கனகாம்பரம் அடங்கிய முண்மூலிகைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு புதர்ச்செடி ஆகும். ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களிலும், ஊதாவில் வெண்கோடு இட்டது போன்ற வகையிலும் காணப்படுகின்றது. ஆங்கிலத்தில் இதற்குப் பிலிப்பைன் நாட்டின் பெயரை இட்டு வழங்கினாலும், இதன் இயற்கையான பரவல் இந்தியாவிலிருந்து தென் சீனம் வரையிலான பகுதியே ஆகும்.

ஆண்டின் பெரும்பகுதியில் யாரும் திரும்பிப் பாராத வேலிச்செடியாக நிற்கும் இது, நவம்பர் முதல் சனவரி வரை இலை தெரியாமல் பூக்கின்றது. குச்சியை ஒடித்து ஊன்றினாலே வேர்பிடித்துவிடும் என்பதால் ஒரு வீட்டுச் செடி விரைவில் தெரு முழுவதும் பரவிவிடுகின்றது. பூவுக்கு மணம் இல்லை. இதழ்கள் எளிதில் கசங்கக்கூடியவை. இக்காரணங்களால் இது பெரிய சந்தைகளில் மதிப்புப் பெறவில்லை. பள்ளிச் சிறுமியர் கனகாம்பரத்தோடு மாற்றி மாற்றித் தொடுத்துச் சூடும் பூவாகவே இது பெரிதும் அறியப்படுகின்றது. விலைக்கு வாங்காமல் சூடக்கூடிய பூ என்பது இதன் சிறப்பு எனலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பட்டாசுக்காய்ச் செடியும் மழைக்குப் பின் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் ஊதா நிறத்தில் பூக்கின்றது. இதன் முற்றிய காயை நீரில் இட்டால் படீரென வெடித்து விதைகள் சிதறும். சிறுவர்களுக்கு இது நல்ல விளையாட்டு.

மல்லிகைத் தட்டுப்பாடும் கதம்பமும்

குண்டுமல்லி வெப்பத்தை விரும்பும் செடி. பங்குனி முதல் ஆவணி வரை மிகுதியாகப் பூத்து, பனி தொடங்கியதும் அரும்பு சிறுத்து விளைச்சல் வீழ்கின்றது. தை பிறந்தவுடன் திருமணங்களும் தொடங்குவதால், பூ மிகக் குறைந்த வேளையில் தேவை மிக உயர்கின்றது. இக்காலத்தில் தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது பல ஆண்டுகளில் நிகழ்ந்துள்ளது.

வடிநிலத்தில் பூப்பயிர் செய்வதற்கு மண்ணும் ஒரு தடை. நெல்லுக்கு ஏற்ற களிமண்ணில் மழைக்காலத்தில் நீர் தேங்குவதால் மல்லிகையின் வேர் அழுகிவிடும். எனவே வேதாரண்யம் பகுதியின் மணற்பாங்கான நிலங்களிலேயே முல்லை முதலியன தொழிலாகப் பயிரிடப்படுகின்றன. 2018 நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கசா புயல், தென்னை, மா ஆகியவற்றோடு இப்பகுதியின் பூந்தோட்டங்களையும் அழித்தது. சாமந்தி பெரும்பாலும் திண்டுக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி போன்ற மேட்டு நில மாவட்டங்களில் விளைந்து தஞ்சாவூர் பூக்காரத் தெரு உள்ளிட்ட சந்தைகளுக்கு வந்து சேர்கின்றது.

பல வகைப் பூக்களையும் மருக்கொழுந்து போன்ற மணமுள்ள இலைகளையும் வரிசை மாற்றி நெருக்கமாகத் தொடுக்கும் கதம்பம் தஞ்சாவூரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றது. மல்லிகை அரிதான பனிக்காலத்துக்கு இது மிகவும் ஏற்றது. சிறிதளவு முல்லை இருந்தாலும், கனகாம்பரம் நிறத்தையும் மருக்கொழுந்து மணத்தையும் தந்து சரத்தை நிறைவாக்கிவிடுகின்றன. வாழை நாரை நனைத்துத் தொடுப்பதால் பூ வாடுவது தாமதமாகின்றது.

சாமந்திக்குச் செவ்வந்தி என்னும் பெயரும் உண்டு. வடிநிலத்தின் தலைப்பில் அமைந்த திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். அத்தலத்தைப் பற்றி எல்லப்ப நாவலர் இயற்றிய நூல் செவ்வந்திப் புராணம் ஆகும்.

கொல்லையும் வேலியும்

வீட்டின் பின்புறத்து நிலம் தஞ்சை வட்டாரத்தில் கொல்லை எனப்படும். பனிக்காலத்தில் இங்கு முதலிடம் அவரைப் பந்தலுக்கு உரியது. ஊதாவும் வெள்ளையுமான அவரைப் பூக்கொத்துகள் மார்கழியில் நிமிர்ந்து நிற்கும். பொங்கலுக்குள் காய் பறிக்கத் தொடங்கலாம். பொங்கற் பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கொல்லையிலோ ஆற்றுப்படுகையிலோ விளைந்தவையே. பொங்கலுக்கு மறுநாள் காலையில் பெண்கள் மஞ்சள் இலையைப் பரப்பி, அதில் வண்ணச் சோற்று உருண்டைகளைப் பறவைகளுக்கு வைத்து உடன்பிறந்தாரின் நலனை வேண்டுவது கனுப்பிடி எனப்படும். பூவின்றி இலையே சிறப்புப் பெறும் நாள் அது.

பவளமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்வது. வெண்ணிற இதழும் பவள நிறக் காம்பும் கொண்ட இதன் பூக்களைத் தரையிலிருந்து பொறுக்கிப் பூசைக்குப் பயன்படுத்துவர். கார்த்திகைப் பூ எனப்படும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் ஆகும். வேலிகளில் பற்றி ஏறும் இக்கொடியின் பூ, மஞ்சளில் தொடங்கி நாளடைவில் சிவப்பாக மாறுகின்றது. இதன் கிழங்கு உட்பட எல்லாப் பகுதிகளும் கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் கொண்டவை என்பதால் சிறுவர்கள் கையாளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தை, மாசி மாதங்களில் முருங்கையும் மாவும் பூக்கின்றன. மாம்பூவுக்கு அளவான குளிர் நன்மை தரும். கடும் பனியும் மேகமூட்டமும் தொடர்ந்தால் சாம்பல் நோய் பற்றிப் பூ கருகி உதிரும்.

நெல்லின் பூ

வடிநிலத்தில் பனிக்காலத்தில் மிக அதிக எண்ணிக்கையில் மலர்வது நெற்பூ ஆகும். ஆயினும் பூக்களைப் பற்றிப் பேசுவோர் இதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பாப் பயிர் பொதியாகி, தொண்டைக்கதிர் தள்ளி, பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் பூக்கின்றது. இதழோ மணமோ அற்ற இப்பூ, காலையில் பனி உலர்ந்த பின் உமி போன்ற இரு செதில்களைத் திறந்து ஆறு மகரந்தப் பைகளை வெளியே நீட்டுகின்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மீண்டும் மூடிக்கொள்கின்றது. அந்த ஒரு மணி நேரத்தில் பெருமழை பெய்தால் மகரந்தம் கழுவப்பட்டு நெல் பதராகும். முற்றிய கதிருக்கும் மழை பகையே. 2021 சனவரியில் பெய்த பருவம் தப்பிய மழையில் அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் வடிநிலம் எங்கும் சாய்ந்து முளைவிட்டது.

அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாட்களுக்கு முன், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கப்படுகின்றன. மாசியில் தாள்களுக்கு இடையே இவற்றின் மஞ்சள் பூக்கள் வயலை நிறைக்கும். மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியுமே இப்பயிருக்கு நீர்.

நீர்நிலைகளும் நெட்டியும்

பருவமழைக்குப் பின் குளங்களில் அல்லியும் தாமரையும் நெய்தலும் காணப்படுகின்றன. அல்லி இரவில் மலர்ந்து முற்பகலில் கூம்புவது. வாய்க்கால்களில் வெங்காயத் தாமரையின் வெளிர் ஊதாப் பூக்களும், நெய்வேலிக் காட்டாமணக்கின் இளஞ்சிவப்புப் பூக்களும் கண்ணைக் கவர்கின்றன. இவ்விரண்டும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த களைகள். நீரோட்டத்தை அடைத்து வடிகாலைக் கெடுப்பவை. தொடர்வண்டியில் செல்லும் பயணி வியந்து பார்க்கும் அதே பூவை வயலுக்கு உரியவர் வெறுப்புடன் பார்ப்பதை இங்குக் காணலாம்.

வடிநிலத்துக்கே உரிய சிறப்புடையது நெட்டி (ஈசுகினோமினி அசுபெரா). ஆழமற்ற ஏரி, குளங்களில் வளரும் இச்செடியின் தண்டு வெண்மையாகவும், பஞ்சு போன்று மென்மையாகவும், மிகவும் இலேசாகவும் இருக்கும். இதனைச் செதுக்கிப் பெரிய கோயில் முதலிய உருவங்களைச் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கன்பேட்டையில் நெட்டியைத் துண்டுகளாக நறுக்கி, சாயமேற்றி, நாரில் கோத்து, மாட்டுப்பொங்கலுக்கான மாலைகளைச் செய்கின்றனர். மாட்டுக்குப் பூமாலை அணிவித்தால் சற்று நேரத்தில் அதனையே தின்றுவிடும். நெட்டி மாலை அந்த நாள் முழுவதும் கழுத்தில் நிற்கும். மழையால் வளர்ந்த குளத்துச் செடி, உழைத்த மாட்டுக்கு மாலையாகித் தையில் தெருவில் உலா வருகின்றது.

வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்த 2016 போன்ற ஆண்டுகளில் நெட்டி வளரும் நீர்நிலைகள் நிரம்புவதில்லை. குளங்கள் தூர்ந்துபோவதும், காகிதத்தாலும் நெகிழியாலும் ஆன மாலைகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் இத்தொழிலை நெருக்குகின்றன.

தாவரவியல் பதிவுகள்

இப்பகுதிச் செடிகளை ஐரோப்பிய முறையில் முதலில் தொகுத்தவர்களுள் ஒருவர் லின்னேயசின் மாணவரான யோகான் கெரார்டு கோனிக் ஆவார். இவர் 1768-இல் அப்போது தேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவருக்குப் பின் மறைப்பணியாளரான ரோட்லர் இப்பணியைத் தொடர்ந்தார். இருபதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரகத்தில் கே. எம். மத்தேயு தொகுத்த தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1980களில் வெளிவந்தது. உலர்தாவரத் தாள்களில் செடியைச் சேகரித்த நாள் குறிக்கப்படுவதால், எந்தப் பூ எந்த மாதத்தில் பூத்தது என்பதை இன்றைய நிலையோடு ஒப்பிட அவை பயன்படுகின்றன.

மாற்றங்கள்

பறங்கிக் கொடி படர்ந்த கீற்றுக் கூரைகளும் ஓட்டுச் சார்ப்புகளும் பெருமளவு காரை வீடுகளாக மாறிவிட்டன. கொல்லையின் ஒரு பகுதி கூடுதல் அறையாகவும் மறுபகுதி வண்டி நிறுத்தும் இடமாகவும் ஆகிவிட, வேலிக்குப் பதில் மதில் எழுந்தது. வேலியோடு டிசம்பர் பூவும் காந்தளும் போயின. உழவு இயந்திரங்களின் வரவால் வீட்டில் மாடுகள் குறைந்து, சாணமும் தேடிப் பெறவேண்டிய பொருளாயிற்று. சில நகரங்களில் மார்கழி மாதத்தில் பறங்கிப் பூ சந்தையில் விலைக்கு விற்கப்படுகின்றது. வண்ணப்பொடியால் கோலத்திலேயே பூவை வரைந்துவிடுவோரும் உண்டு.

மறுபுறம், மொட்டைமாடியில் தொட்டிகளில் சாமந்தியும் அவரையும் வளர்ப்பது நகரங்களில் பரவியுள்ளது. பறங்கிக் கொடிக்குத் தொட்டி போதாது. அதன் கொடி பல அடி நீளத்துக்குப் படர இடம் வேண்டும். கோயில் நந்தவனங்கள், பள்ளி வளாகங்கள், ஊர்ப் பொதுக்குளத்தின் கரைகள் ஆகியவற்றில் இன்றும் அவ்வளவு இடம் உள்ளது. ஆடியில் ஊன்றும் நான்கைந்து விதைகள் ஒரு தெருவின் மார்கழிக் கோலங்கள் அனைத்துக்கும் போதுமான ஆண் பூக்களைத் தரக்கூடியவை.